தவளைக்கு யார் வாக்களிப்பார்கள்?

"மக்களிடம் கேட்டால் பூங்காவும் நடைபாதையும்தான் கேட்பார்கள். தவளைக்கு யார் வாக்களிப்பார்கள்?" சூழலியல் படித்த நண்பர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னது இது. நீர்நிலைகளை அளப்பதிலும் அவற்றில் வாழ்பவற்றைக் கணக்கெடுப்பதிலும் பாதி வாழ்நாளைக் கழித்தவர் அவர். மக்களை மட்டம் தட்டிப் பேசுகிற வழக்கமும் இல்லாதவர். வேறு யாராவது சொல்லியிருந்தால் அதிகாரத் திமிர் என்று ஒதுக்கியிருப்பேன். இவர் சொன்னதால் அந்த வாக்கியம் மனதில் தங்கிவிட்டது. ஒரு நகரம் தன் இயற்கையில் எதை முதலில் காப்பது என்று முடிவெடுக்கும்போது குடியிருப்போரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். கேட்ட பிறகு அவர்கள் தவறாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தை மட்டும் மேடையில் யாரும் சொல்வதில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் சொல்லிக்கொள்கிறார்கள்.

அவர் சொன்னதற்குச் சான்றும் இருந்தது. அதே மாதத்தில் நகராட்சி கூட்டிய ஓர் ஆலோசனைக் கூட்டத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். கூடத்தின் சுவரில் வரிசையாகத் தாள்களை ஒட்டியிருந்தார்கள். மரம் நடுதல், பூங்கா மேம்பாடு, பறவைகள், குப்பை, காற்று, தாழ்நிலமும் வாய்க்கால்களும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள், ஒவ்வொன்றிலும் ஒரு படம். உள்ளே வருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று பச்சை வட்ட ஒட்டிகள்; பிடித்த இடத்தில் ஒட்டலாம். மரத்தின் தாளில் வெயில் ஊடுருவும் இலைகள். பறவைத் தாளில் ஒரு மீன்கொத்தி, அலகில் மீனோடு. தாழ்நிலத்தின் தாளில் யாரோ போகிற போக்கில் எடுத்த படம்: களைமண்டிய சேறு, ஓரத்தில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் வாளி. அந்தத் தாளை வரிசையின் கடைசியில், இடுப்புக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள். குனிந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஒரு மணி நேரத்தில் மரம் பச்சையாகிவிட்டது. மீன்கொத்தியின் முகமே தெரியவில்லை. தாழ்நிலத்தில் ஒட்டியிருந்தவற்றை ஒரு கைவிரலில் எண்ணலாம். நண்பர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

ஒட்டிகளை எண்ணி முன்னுரிமைப் பட்டியல் தயாரிப்பது உலகெங்கும் நடக்கிறது. எளிது, சண்டை வராது, மாலைக்குள் முடிந்துவிடும், புகைப்படமும் அழகாக வரும். ஆனால் அங்கே எண்ணப்படுவது என்ன? எந்தப் படம் பிடித்தது, எந்தத் தாள் கண்மட்டத்தில் இருந்தது, முன்னால் வந்தவர்கள் எங்கே ஒட்டியிருந்தார்கள் என்பவைதான். இதில் மக்களின் பிழை எதுவுமில்லை. என்ன இழப்போம், என்ன செலவாகும், எதை விட்டால் எது கிடைக்கும் என்று சொல்லாமல் பிடித்ததைக் காட்டச் சொன்னால் யாரும் பிடித்ததைத்தான் காட்டுவார்கள். மெல்பர்ன் நகராட்சி 2013 வாக்கில் தன் பொறுப்பில் இருந்த சுமார் 70,000 மரங்களுக்கும் அடையாள எண்ணும் மின்னஞ்சல் வழியும் கொடுத்தது. கிளை முறிந்தாலோ பட்டை உரிந்தாலோ மக்கள் தெரிவிக்கட்டும் என்பது ஏற்பாடு. வந்து குவிந்தவை மரங்களுக்கு எழுதப்பட்ட காதல் கடிதங்கள். பரீட்சை நேரத்துப் புலம்பல்கள்கூட வந்தன. எனக்கு அந்தச் செய்தி இன்றும் பிடிக்கும். மரத்தின் மேல் இத்தனை பிரியம் இருக்கிற ஊரில் மரத்துக்கு நிதி ஒதுக்குவது எளிது. எந்த ஊரிலும் ஒரு மதகுக்குக் காதல் கடிதம் வராது என்பதுதான் சிக்கல்.

உண்மைப் பணம் மேசைக்கு வந்தால்

நண்பரின் கூற்றை அப்படியே ஏற்க முடியாமல் என்னைத் தடுத்தது பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம். 1989-இல் அந்த நகரம் தன் வரவுசெலவில் புதுப்பணிகளுக்கான தொகையை எங்கே செலவிடுவது என்பதைக் குடியிருப்போரின் கூட்டங்களில் முடிவு செய்யத் தொடங்கியது. பூங்காவும் நீரூற்றும் கேட்பார்கள் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். ஏழைப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் தெருவுக்குத் தளம் கேட்டார்கள், கழிவுநீர்க் குழாய் கேட்டார்கள். 1988-இல் 75 விழுக்காடு வீடுகளுக்கு இருந்த குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் 1997-இல் 98 விழுக்காட்டுக்கு உயர்ந்ததாக உலக வங்கியின் ஆவணங்கள் சொல்கின்றன. கழிவுநீர்க் குழாய் எப்படி இயற்கைப் பாதுகாப்பாகும் என்று பறவை ஆர்வலர் ஒருவர் கேட்கலாம். அந்தச் சாக்கடை போய்ச் சேருகிற நீர்நிலையிடம் கேட்டால் பதில் கிடைக்கும்.

அங்கே மக்கள் வேறு மாதிரியானவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கேட்கப்பட்ட விதம் வேறு. தொகை முன்கூட்டியே தெரியும். ஒன்றைத் தேர்ந்தால் இன்னொன்று தள்ளிப்போகும் என்பதும் தெரியும். தேர்ந்தது அடுத்த ஆண்டு கண்முன் நடக்கும் என்று நம்பிக்கையும் இருந்தது. இதே முறையை 1993-இல் தொடங்கிய பெலோ ஒரிசான்டே நகரம் இன்னொரு நல்ல வழக்கத்தைச் சேர்த்தது. வாக்களிப்பதற்கு முன் பகுதிப் பிரதிநிதிகளைப் பஸ்ஸில் ஏற்றி, போட்டியிலுள்ள எல்லா இடங்களுக்கும் அழைத்துப் போவார்கள். தன் தெருவுக்குச் சுவர் கேட்க வந்தவர், மண் சரியும் மேட்டில் இன்னொருவர் வீடு தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். கூடத்தில் உட்கார்ந்து எத்தனை விளக்கப்படம் காட்டினாலும் அந்தப் பஸ் பயணத்துக்கு ஈடாகாது. ஒரு நகரத்தின் சூழல் துறைக்கு ஒரே ஒரு செலவை மட்டும் அனுமதிக்கலாம் என்றால் நான் பஸ் வாடகையைத்தான் அனுமதிப்பேன்.

வரைபடத்தில் முடிந்துபோன கோடு

ஒட்டிகள் தீர்ந்த பிறகு பெரும்பாலானவர்கள் கிளம்பிவிட்டார்கள். எஞ்சியவர்களை மேசைகளைச் சுற்றி உட்காரவைத்து, ஒவ்வொரு மேசையிலும் நகரின் பெரிய வரைபடத்தை விரித்தார்கள். எங்கள் மேசைத் தாள் சுருண்டு சுருண்டு மேலெழுந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஊழியரைக் கூப்பிட்டு ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் அதிகாரி. குடிநீர்க் குழாய்களின் வால்வுகளைத் திறந்து மூடுவது அந்த ஊழியரின் அன்றாட வேலை. அன்றைக்குக் கூட்ட வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். மரம் எங்கே நடலாம் என்று நாங்கள் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். வடக்கே நீலக் கோடாக வந்த ஒரு வாய்க்கால், ஒரு பள்ளி வளாகத்தின் அருகே சட்டென்று நின்றுபோயிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

"சார், வாய்க்கால் இங்கே முடியவில்லை" என்றார் அந்த ஊழியர், தாளிலிருந்து கையை எடுக்காமல். "பள்ளிச் சுவருக்கு அடியில் போகிறது. மூடி போட்டிருக்கிறார்கள். பெருமழை பெய்தால் அந்த மூடியைத் தண்ணீர் தூக்கிவிடும்."

அதிகாரி கோப்பைப் பார்த்தார். கோப்பில் இல்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஓர் அம்மையார் கேட்டார், சந்தேகமாக அல்ல, ஆர்வமாகத்தான். குழாய் உடைப்பைத் தேடி இரவில் அந்த வழியாக நடந்திருப்பதாக ஊழியர் சொன்னார். பிறகு பென்சிலை வாங்கி, சுவரின் கீழிருந்து தொடங்கி, இரண்டு தெருக்களைக் கடந்து, தாழ்நிலம் வரைக்கும் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "இந்த இடத்தில் கட்டடக் கழிவைக் கொட்டி அடைத்திருக்கிறார்கள். தண்ணீர் இப்போது இப்படித் திரும்புகிறது" என்று பக்கவாட்டில் இன்னொரு கோடு போட்டார். அந்தக் கோடு அந்த அம்மையாரின் தெருவுக்குள் நுழைந்தது.

அதற்குப் பிறகு அந்த மேசையில் மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒவ்வொருவரும் தன் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் படி வரை ஏறியது, முன்பு அப்படி ஏறியதுண்டா என்று சொல்லத் தொடங்கினார்கள். தாழ்நிலம் பயனற்ற பள்ளம் என்றே நினைத்திருந்த ஒருவர், தங்கள் பகுதி இதுவரை மூழ்காததற்கு அந்தப் பள்ளம்தான் காரணமா என்று கேட்டார். என் நண்பருக்குப் பேச இடம் கிடைத்தது. சதுப்பு நிலம் தண்ணீரை எப்படி வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது, அதை மண்ணிட்டு மேடாக்கினால் அந்தத் தண்ணீர் எங்கே இடம் தேடும் என்று அவர் விளக்கியதை அத்தனை பேரும் அசையாமல் கேட்டார்கள். அதே விளக்கத்தை அவர் காலையில் மேடையில் சொன்னபோது பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிவில் அந்த மேசையின் பட்டியலில் தாழ்நிலமும் வாய்க்கால் அடைப்பும் முதலிடத்துக்கு வந்தன. தவளையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் தவளைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

இதை வைத்துக்கொண்டு மக்களின் அறிவே பேரறிவு என்று முழங்க எனக்கு விருப்பமில்லை. வால்வு ஊழியருக்கு வாய்க்கால் தெரியும். சதுப்பின் அடியில் உள்ள நிலத்தடி நீரின் போக்கு தெரியாது. நண்பருக்கு இரண்டாவது தெரியும், முதலாவது தெரியாது. சுவரிலிருந்த தாள்களை எழுதியவர்களுக்கோ இரண்டு பேரையும் தெரியாது. கலந்தாலோசனை என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பாலானவை இங்கேதான் இடறுகின்றன. பட்டியலை முதலில் எழுதிவிட்டு, வரிசைப்படுத்த மட்டும் மக்களைக் கூப்பிடுகிறார்கள். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். தலையாட்ட வைப்பது கீழ்ப்படி, அதிகாரம் முழுவதும் மக்கள் கையில் இருப்பது மேல்படி. கருத்துக் கேட்பதை அவர் நான்காம் படியில் வைத்தார். கேட்டதன்படி நடக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவரை அது ஒப்புக்குச் செய்வதுதான் என்றார். அரை நூற்றாண்டு கடந்தும் பல நகரங்கள் அந்த நான்காம் படியிலேயே பாய் விரித்துப் படுத்திருக்கின்றன.

கேட்காமல் கொடுத்த மரம்

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெட்ராய்ட்டைப் பார்க்கலாம். மரங்களை இழந்து நின்ற அந்த நகரில் ஒரு தொண்டு நிறுவனம் வீட்டு வாசல்களில் இலவசமாக மரம் நட முன்வந்தது. 2011 முதல் 2014 வரை, தகுதியிருந்த சுமார் 7,500 வீட்டாரில் 1,800 பேர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர். இலவசமாக வரும் மரத்தை யார் வேண்டாமென்பார்கள்? அவர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்றுதான் நட வந்தவர்கள் நினைத்தார்கள். ஆய்வாளர் கிறிஸ்டின் கார்மைக்கேல் அவர்களிடம் நேரில் பேசியபோது வேறு கதை வெளிவந்தது. மரத்தின் நன்மைகள் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். என்ன மரம் என்று யாரும் கேட்கவில்லை. நட்டவர்கள் போன பிறகு இலை பெருக்குவதும், வேர் நடைபாதையைப் பெயர்த்தால் அலைவதும், காய்ந்த கிளையை வெட்டச் சொல்லி நடையாய் நடப்பதும் தங்கள் தலையில்தான் விழும் என்பதைப் பழைய அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். 1967 கலவரத்துக்குப் பின் நகராட்சி தங்கள் தெரு மரங்களை வெட்டியது தங்களை ஹெலிகாப்டரிலிருந்து கண்காணிப்பதற்காக என்ற நினைவும் சிலரிடம் இருந்தது. நோய் கண்ட எல்ம் மரங்களைத்தான் வெட்டினோம் என்பது நகராட்சியின் விளக்கம். எது உண்மை என்பது ஒருபுறம் இருக்கட்டும். தங்களைக் கேட்காமல் வெட்டினார்கள், இப்போது கேட்காமல் நடுகிறார்கள் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

சூழல் திட்டங்களில் நடுவதற்கும் திறப்பதற்கும் எப்போதும் பணம் உண்டு. பராமரிப்புக்குக் கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். முன்னுரிமை பற்றிய பேச்சில் குடியிருப்போர் அவசியம் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு ஜனநாயகம் முதல் காரணம் என்றால், இது அதற்கு அடுத்த காரணம். ஐந்தாம் ஆண்டில் அந்த மரத்தடியில், அந்த வாய்க்கால் கரையில் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தான். ஆலோசகர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். அதிகாரிக்கு இடமாற்றம் வந்திருக்கும்.

கூடத்தில் இல்லாதவர்கள்

இதற்கு நண்பரிடம் தயாராக ஒரு மறுப்பு இருந்தது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் யார்? ஓய்வு பெற்றவர்கள், சொந்த வீடுள்ளவர்கள், பேசத் தயங்காதவர்கள். வாடகைக்குக் குடியிருப்பவர், இரவுப் பணி முடித்துத் தூங்குபவர், கைக்குழந்தை உள்ளவர், அந்த ஊரின் மொழி சரியாகப் பேசாதவர் வருவதில்லை. வராதவர்கள்தான் பெரும்பாலும் பள்ளத்தில் குடியிருக்கிறார்கள், குப்பை மேட்டின் காற்றை மூச்சிழுக்கிறார்கள். ஆகவே வந்தவர்களின் குரலை ஊரின் குரல் என்று எடுத்துக்கொள்வது, வசதியானவர்களின் பூங்காவுக்கு முத்திரை குத்துவதில் முடியும் என்றார். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. மருந்து மட்டும் ஒன்று உண்டு: குலுக்கல். அயர்லாந்து 2022-இல் பல்லுயிர் இழப்பு பற்றி ஆராய மக்கள் பேரவை ஒன்றை அமைத்தபோது 99 உறுப்பினர்களையும் நாடு முழுவதிலிருந்தும் குலுக்கல் முறையில் அழைத்தது. வயது, பாலினம், வாழும் பகுதி ஆகியவை நாட்டின் அமைப்பை ஒத்திருக்குமாறு பார்த்துக்கொண்டார்கள். விஞ்ஞானிகளையும் விவசாயிகளையும் கேட்டு, களத்துக்குப் போய்ப் பார்த்து, பல வார இறுதிகளில் விவாதித்து, 2023-இல் 150-க்கும் மேற்பட்ட பரிந்துரைகளைக் கொடுத்தார்கள். இயற்கைக்கே அரசமைப்பில் உரிமை தர ஒரு பொது வாக்கெடுப்பு வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. குலுக்கலில் வந்த சாதாரண மனிதர்கள், பூங்கா கேட்கிறார்கள் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் அதே மனிதர்கள், கட்சிகள் தொடத் தயங்கியதைத் தொட்டார்கள். ஒரு சிறு நகரத்துக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. தெருவாரியாகச் சீட்டு எடுத்து முப்பது பேரை அழைத்து, அன்றைய கூலியையும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் கொடுத்தால் கூடத்தின் முகமே மாறும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் நண்பரின் பக்கம். சிலவற்றைச் சுவரில் ஒட்டவே கூடாது. நிலத்தடி நீரில் நஞ்சு கலப்பதை நிறுத்துவதா வேண்டாமா என்று ஒட்டிகளை எண்ண முடியாது. ஓர் உயிரினத்தின் கடைசி வாழிடம் மீன்கொத்திப் படத்தோடு போட்டியிட வேண்டியதில்லை. சட்டம் காக்க வேண்டியதைச் சட்டம் காக்கட்டும். அதற்கு மேலே எஞ்சும் பணத்திலும் நேரத்திலும் எதை முதலில் எடுப்பது என்பதே மக்கள் முன் வைக்கத்தக்க கேள்வி. இன்னொன்று, நகரத்தின் எல்லையில் வாய்க்கால் நிற்பதில்லை. நம் ஊரார் ஒருமனதாகக் கரையை உயர்த்தி, தண்ணீரை வேகமாக வெளியேற்ற முடிவு செய்தால் கீழே இருக்கிற ஊர் மூழ்கும். அந்த ஊர்க்காரர் நம் கூடத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார். அவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும் என்று நான் சொன்னால், பல குடியிருப்போர் நலச் சங்கங்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிடும். பரவாயில்லை.

கூட்டம் கலைந்த பின்

இத்தனையும் சரியாக நடந்தும் வீணாகலாம். இந்தியாவின் 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து, உள்ளூர் மக்களோடு சேர்ந்து அங்குள்ள உயிர்களையும் அவை பற்றிய அறிவையும் பதிவேடாக்கச் சொல்கிறது. அருமையான ஏற்பாடு. பல ஆண்டுகள் ஆமை வேகத்தில் நகர்ந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததும் பதிவேடுகள் லட்சக்கணக்கில் குவிந்தன. அந்த வேகத்தில் எத்தனை ஊர்களில் மரத்தடியில் உட்கார்ந்து பெரியவர்களிடம் கேட்டு எழுதியிருப்பார்கள் என்று யோசித்தால் பதிவேட்டைத் திறக்கவே மனம் வராது. போர்ட்டோ அலெக்ரேயிலும் ஆட்சிகள் மாற மாற ஒதுக்கீடு மெலிந்து, 2017-இல் அந்த நடைமுறை நிறுத்திவைக்கப்பட்டது. கூட்டத்தில் சொன்னது மூன்றாண்டுகள் நடக்காவிட்டால் நான்காம் ஆண்டு யார் வருவார்கள்?

1998-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையில் இதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. சூழலைப் பாதிக்கும் முடிவுகளில் மக்கள் சொன்னதைக் கருத்தில் கொள்ள வேண்டும். எடுத்த முடிவை அதற்கான காரணங்களோடு மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சொன்னதையெல்லாம் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. ஏன் ஏற்கவில்லை என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். ஓர் அலுவலகத்தைத் திருத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. "நிதி இல்லை" என்று எழுதுகிற கை, எங்கே போனது நிதி என்ற அடுத்த கேள்வியை நினைத்துச் சற்றே தயங்கும்.

வால்வு ஊழியர் வரைந்த கோடு இப்போது நகராட்சியின் வரைபடத்தில் ஏறிவிட்டது என்று கேள்வி. அடைப்பை எடுக்கும் வேலை நடக்கிறதா என்பது பற்றித் தகவல் இல்லை. அடுத்த ஆலோசனைக் கூட்டத்துக்கான அறிவிப்பு வந்திருக்கிறது: வேலை நாள், காலை 11 மணி. அந்த நேரத்தில் அவர் பணியில் இருப்பார். நாற்காலி அடுக்க யாராவது அனுப்பினால்தான் கூடத்துக்குள் வர முடியும். அவரைக் குடியிருப்பவர் என்ற முறையில் பெயர் சொல்லி அழைக்கும்படியும், நேரத்தை மாலைக்கு மாற்றும்படியும், சென்ற முறை மேசைகளில் எழுதிய யோசனைகளில் எவை தள்ளப்பட்டன, ஏன் என்பதைச் சுவரின் முதல் தாளாக ஒட்டும்படியும் கேட்டு எழுதியிருக்கிறேன். நண்பரும் கையெழுத்திட்டார். கண்மட்டத்தில் ஒட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்தது அவர்தான்.